பாஸ் இல்லாத ஊரில் பாஸ் தூண்டில்

பர்மாவின் எந்த ஆற்றிலும் லார்ஜ்மவுத் பாஸ் கிடையாது. வட அமெரிக்காவின் நன்னீர் மீன் அது. ஆனாலும் விடுமுறைக்கு முந்தின இரவு யாங்கூனில் ஒரு தூண்டில்காரர் பை கட்டும்போது எட்டிப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் பெய்ட்காஸ்டிங் ரீல், ஆறரை ஏழு அடி நீளத்தில் விறைப்பான ராடு, பின்னல் நூல், வயிறு குழிவான ரப்பர் தவளை, வாலை ஆட்டிக்கொண்டே நீந்தும் பிளாஸ்டிக் புழு. அத்தனையும் பாஸ் மீனை மனத்தில் வைத்து உருவானவை. மறுநாள் விடிவதற்குள் இதையெல்லாம் தூக்கிக்கொண்டு அவர் மோபி பக்கமோ லேகு பக்கமோ கிளம்புவார். இல்லையென்றால் பன்சோடான் துறையில் படகேறி டலாவில் இறங்கி துவாந்தே சாலையைப் பிடிப்பார். போய்த் தேடுவது விராலை. பர்மியர்கள் ‘ஙா யான்’ என்பார்கள். நம்மூர்க் குளத்தில் கிடக்கிற அதே வரிவிரால்தான். யாங்கூன் மொஹிங்காக் கடைகளில் குழம்புக்குப் போகும் மீன்களில் அதுவும் ஒன்று.

பாஸ் பர்மாவுக்கு வரவில்லை. பர்மாவின் விரால் பாஸ் வாழும் நாட்டுக்குப் போய்விட்டது. 2000-ஆம் ஆண்டு புளோரிடாவின் டாமராக் நகரக் குளங்களில் ஒரு பெரிய விரால் இனம் கண்டெடுக்கப்பட்டது. முதலில் அதை நம்மூர்ப் பூவிரால் என்றே நினைத்தார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள், பிரான்சிஸ் டே 1870-இல் பெயர் சூட்டிய பர்மிய இனம் அது என்று முடிவுக்கு வந்தார்கள். இரண்டு வருடம் கழித்து மேரிலாந்து மாநிலத்தின் குரோப்டனில் ஒரு குளத்தில் சீனத்து விரால் அகப்பட, அமெரிக்கப் பத்திரிகைகள் அதை அரக்கனாகவே சித்திரித்தன. அதே 2002-இல் உயிருள்ள விராலை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதற்கும் அமெரிக்கா தடை போட்டது. இன்று தெற்கு புளோரிடாவின் கால்வாய்க் கரைகளில் நிற்பவர்கள் பாஸுக்கு வீசும் ரப்பர் தவளையையே பர்மிய விராலுக்கும் வீசுகிறார்கள்.

இந்தப் பாஸ் தூண்டில் சாமான் நம் பக்கம் வந்தது ஜப்பான் வழியாக. 1925-இல் அகாபோஷி தெட்சுமா என்ற தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து பாஸ் மீனைக் கொண்டுவந்து ஹகோனே மலையின் ஆஷி ஏரியில் விட்டார். அங்கிருந்து அது பரவியது. ஷிமானோ, டைவா போன்ற நிறுவனங்கள் அதற்கென ரீல்களைச் செய்து குவித்தன. 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ்தான் உலக சாதனையாக நின்றது. 77 வருடம் கழித்து, 2009 ஜூலையில், அந்தச் சாதனையைச் சமன் செய்தவர் பிவா ஏரியில் மீன் பிடித்த குரிதா மனாபு என்ற ஜப்பானியர். ஜப்பான் கொடுத்த விலையும் உண்டு. உள்நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கிறது என்று 2005-இல் பாஸை அயல் ஆக்கிரமிப்பு இனமாக அறிவித்து, அதை வளர்ப்பதையும் வேறு நீரில் விடுவதையும் தடுத்தார்கள். பர்மாவின் நீர்நிலைகளுக்குப் பாஸ் தூண்டில் மட்டும் வந்து பாஸ் வராமல் போனது பெரிய அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

சிக்கு விழும் கணம்

புதிதாக வருகிறவர்களைப் பாதியிலேயே ஓட வைப்பது மீன் கிடையாது, ரீல். பெய்ட்காஸ்டிங் ரீலில் நூல் சுற்றிய உருளையே சுழன்று நூலை விடுகிறது. வீசிய வேகத்தில் உருளை சுழலும். காற்றில் போகும் தவளை மெல்ல வேகம் குறையும். எதிர்க்காற்று அடித்தால் சட்டென்று குறையும். தண்ணீரில் விழுந்தால் நின்றே போகும். உருளைக்கு அது தெரியாது. அது பாட்டுக்குச் சுழன்று, போக இடமில்லாத நூலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு நொடியில் ரீலுக்குள் சிக்கு விழுந்து முடிச்சாகிவிடும். கரையில் உட்கார்ந்து நகத்தால் நோண்டி நோண்டி விடியற்காலையின் நல்ல நேரத்தைத் தொலைத்தவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

மருந்து உண்டு. முதலில் கைப்பிடிப் பக்கத்துக் குமிழ். தவளையைக் கட்டி, ராடு நுனியிலிருந்து தொங்கவிட்டு, நூலை விடுவியுங்கள். அது மெதுவாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் உருளை நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையென்றால் குமிழை இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள். அடுத்தது பக்கவாட்டில் இருக்கும் பிரேக். காந்தத்தில் இயங்குவதாக இருந்தாலும், சுழல் விசையில் இயங்குவதாக இருந்தாலும், முதல் மாதம் அதை ஏறக்குறைய முழுதாக வைத்துக்கொள்ளலாம். தூரம் குறையும், குறையட்டும். விரால் இருபது முப்பது அடிக்குள்தான் பாதி நேரம் கிடக்கிறது. மூன்றாவது கட்டைவிரல். தவளை நீரைத் தொடுவதற்குச் சற்று முன் உருளையின் மேல் விரல் படிய வேண்டும். இதைக் கடையில் வாங்க முடியாது, பழகித்தான் வரும்.

அப்படியும் சிக்கு விழுந்தால் பதறி இழுக்க வேண்டாம். கட்டைவிரலால் உருளையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். விரலை எடுத்துவிட்டு நூலை மெல்ல உருவுங்கள். பெரும்பாலான சிக்கு இதிலேயே கழன்று வந்துவிடும். இன்னொரு வழக்கமான தொல்லையும் உண்டு. பின்னல் நூலை நேராக வெற்று உருளையில் சுற்றினால், பெரிய மீன் இழுக்கும்போது மொத்த நூலும் உருளையோடு சேராமல் வழுக்கிச் சுழலும். டிராக் (மீன் இழுக்கும்போது நூலை அளவாக விடும் பிடி) பழுதாகிவிட்டது என்று ரீலைக் கழற்றுவார்கள். அடியில் சில சுற்று சாதா நரம்பு இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

எடை குறைந்த லூரும் (செயற்கை இரை) இந்த ரீலுக்கு ஆகாது. ஐந்து ஆறு கிராம் புழுவை வீசப் பார்த்துவிட்டு ரீலைத் திட்டுகிறவர்களிடம் நான் சொல்வது, அதற்கு ஸ்பின்னிங் ரீலை எடுங்கள் என்பதுதான். பத்து கிராமுக்கு மேல் போனால் பெய்ட்காஸ்டர் தானாகவே சாதுவாகிவிடும்.

அடித்தது, அகப்படவில்லை

“அண்ணே, அடிச்சிட்டு விட்டுருச்சு!”

“நீ கண்ணால பார்த்த உடனே இழுத்துட்ட தம்பி. வாயை மூடவாவது விடு.”

துவாந்தே பக்கத்து வாய்க்கால் கரைகளில் தமிழ்ப் பையன்கள் சேர்ந்து போனால் இந்த உரையாடல் இல்லாமல் ஒரு காலையும் கழியாது. தவளை லூரில் வரும் ஏமாற்றங்களில் முதலிடம் இதற்குத்தான். காரணம் மீனின் வாயில் இருக்கிறது. பாஸ் வாயை அகலத் திறந்து, நீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். தவளை முழுசாக உள்ளே போய்விடும். விரால் பாய்ந்து கடிக்கும். அதன் வாயில் பல் உண்டு, தாடை எலும்பு கெட்டி. பின்னங்காலை மட்டும் கவ்விக்கொண்டு ஒரு சுண்டு சுண்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் இழுத்தால் முள் ரப்பருக்குள்ளேயே இருக்கும். மீன் இருக்கும் இடம் வேறு.

அதனால் பாஸ் தவளையை அப்படியே விராலுக்கு வீசாமல் கொஞ்சம் கைவேலை செய்துகொள்ள வேண்டும். நல்ல தூண்டில்காரர் கையில் ஒரு புதுத் தவளை படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். முதலில் ரப்பர் நூல் கால்கள் இரண்டையும் கத்தரியால் பாதியாக நறுக்குவார், மீன் காலை மட்டும் பிடித்து ஏமாற்றாதபடி. பிறகு முதுகை ஒட்டி மேல்நோக்கி நிற்கும் இரட்டை முள்ளைக் குறட்டால் பிடித்து, நுனியை ஒரு நெல் அளவுக்கு வெளிப்பக்கம் நெம்புவார். அதிகமானால் பாசியெல்லாம் முள்ளில் ஏறிவிடும். அப்புறம் உடம்பை இரு விரலால் அமுக்கிப் பார்ப்பார்: சுலபமாக அமுங்கினால்தான் கடிபட்டதும் முள் வெளியே வரும். கெட்டியாக இருந்தால் வெந்நீரில் சற்று நேரம் போட்டு எடுப்பார். நாலைந்து வீச்சுக்கு ஒரு முறை வயிற்றை அமுக்கி உள்ளே புகுந்த தண்ணீரைப் பீய்ச்சி வெளியேற்றுவார். இதைச் செய்யாத தவளை பின்பக்கம் அமிழ்ந்து ஊரும்.

கரையில் செய்ய வேண்டியது சிம்பிள். தண்ணீர் வெடித்ததும் கையை இழுக்காதீர்கள். ராடு நுனியைத் தாழ்த்தி, தளர்ந்த நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கையில் கனம் தெரிந்ததும் ஓங்கித் தூக்குங்கள். அடித்துத் தப்பிய மீன் பல நேரம் அதே இடத்தில்தான் நிற்கும். தவளையை அப்படியே அசையாமல் விட்டால் திரும்ப வரும். சற்றுத் தள்ளி மறுபடி வீசி, அந்த வழியாக மெல்ல நடத்தி வந்தாலும் வரும்.

நூலில் கஞ்சத்தனம் கூடாது. ஆகாயத்தாமரை படர்ந்த யாங்கூன் வாய்க்கால்களில் நாற்பது ஐம்பது பவுண்டு பின்னல் நூல் அதிகமே இல்லை. அகப்பட்ட விரால் முதல் மூன்று நொடியில் பாசிக்குள் தலையை நுழைத்துவிடும். மெல்லிய நூல் என்றால் அத்தோடு கதை முடிந்தது. நுனியில் ஒரு முழ நீளம் தடித்த லீடர் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அதை நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்புத் தெரிந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்த நூல் இறுகும்போது எழும் சூடே அதைப் பாதி அறுத்துவிடும்.

மூச்சு விட மேலே வரும் மீன்

விராலுக்குச் செவுள் போதாது. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை வாங்கி வைக்க ஓர் அறை உண்டு. சில நிமிடங்களுக்கொரு முறை மேலே வந்து ஒரு வாய்க் காற்று எடுத்தே ஆக வேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். கோடையில் குளம் வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து கிடக்கும். மழை பிடித்ததும் ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும்.

பாஸ் தூண்டில் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். அமெரிக்க நூல்களும் வீடியோக்களும் பாறை, மூழ்கிய மரம், ஆழ மாறுதல், நீரின் வெப்பநிலை என்று பேசும். விராலுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். வந்ததும் தூண்டிலை வீசாமல் கரையில் உட்கார்ந்து நீரைப் பாருங்கள். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், ஒரு சின்ன வளையம். அதே மீன் திரும்பவும் அந்தச் சுற்றுவட்டத்தில்தான் மூச்சு விட வரும். வளையத்தின் மேலேயே தவளையைப் போட்டால் மிரளும். அதைத் தாண்டிப் பாசி மேல் போட்டு, தவளை தண்ணீருக்குள் குதிப்பது மாதிரி விளிம்பிலிருந்து இறக்கி விட வேண்டும். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி 1873-இல் இந்தியத் தூண்டில் பற்றியும் 1887-இல் குளத்து மீன் பிடிப்பு பற்றியும் தனித்தனிப் புத்தகங்கள் எழுதினார். நம் குளத்து மீன்கள் அச்சில் ஏறி ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் உயிர்த் தவளைக்குட்டியைக் கோத்து விரால் பிடித்த தாத்தாக்களுக்கு இந்த ரப்பர் தவளை ஒன்றும் புதுமையாகத் தெரியாது.

விடியற்காலைதான் விராலுக்கு உச்ச நேரம். அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரிக்குப் பிறகு யாங்கூன் மக்கள் இரவு ஊரடங்கோடு வாழப் பழகிக்கொண்டார்கள். இருட்டிலேயே கிளம்பி நீர்நிலையில் விடிய வேண்டிய பயணம், அந்த நாட்களில் ஊரடங்கு முடியக் காத்திருந்தது. நாணயமும் சரிந்தது: டாலருக்கு 1,330 கியாத் என்றிருந்த மதிப்பு 2024-இல் வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டியது. வெளிநாட்டுத் தவளை ஒன்றின் விலை அந்தக் கணக்கில் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லூர் பாசியில் மாட்டிக்கொண்டால், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்துவருகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையும் பாம்பும் உள்ள நீர் அது. அறுத்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இடமும் சுருங்கி வருகிறது. நகருக்குள் இருக்கும் இன்யா ஏரி 1880-களில் ஆங்கிலேயர் நீர்த்தேக்கமாகக் கட்டியது. லோகா ஏரி 1904-இலிருந்து குடிநீர் தருவது. இப்படிப்பட்ட இடங்களில் அனுமதி கேட்காமல் தூண்டில் போடப் போக வேண்டாம். வெளியே உள்ள ‘இன்’ எனப்படும் ஏரிகளும் தாழ்நிலங்களும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுபவை. குத்தகைதாரர் வீட்டுக்குப் போய் மரியாதையாகக் கேட்டால் பல பேர் சரி என்பார்கள். கேட்காமல் வேலி தாண்டினால் அடுத்த முறை யாருக்கும் அங்கே இடமில்லை.

எல்லாவற்றையும் விட வயிற்றெரிச்சல் பாட்டரி. இரண்டு கம்பியில் மின்சாரம் பாய்ச்சி ஒரு வாய்க்காலையே காலி செய்துவிடுகிறார்கள். சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. ஐராவதியின் மேல்பகுதியில் மீனவர்களோடு சேர்ந்து மீனை வலைக்கு விரட்டிக் கொடுக்கும் டால்பின்களுக்கும் இதுவே எமனாகியிருக்கிறது. நேற்றுவரை விரால் மூச்சு விட்ட வாய்க்காலில் இன்று ஒரு வளையமும் இல்லையென்றால், லூரின் நிறத்தை மாற்றிப் பயன் கிடையாது.

குஞ்சோடு நிற்கும் மீன்

யாங்கூனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும். சென்னையில் பெய்வதைப் போல இருமடங்கு. மே கடைசியில் வயல்கள் நிரம்பியதும் விரால் பாசிக்கு நடுவே வட்டமாக இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டைகள் மிதக்கும், ஓரிரு நாளில் பொரிக்கும். செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாகத் திரியும். அவையும் காற்றுக்காக மேலே வந்தாக வேண்டும். அப்போது அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் உலை கொதிப்பது மாதிரி துளும்பும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும்.

அந்தத் துளும்பலுக்கு நடுவே ஒரு லூரைப் போட்டால் போதும், காவல் மீன் பாய்ந்து கடிக்கும். பசியால் கடிப்பதில்லை; குஞ்சை நெருங்கும் எதையும் விரட்டுவது அதன் குணம். தூண்டில் உலகத்தில் இதைவிட எளிதான விரால் கிடையாது, படமும் பிரமாதமாக வரும். தாய்லாந்திலும் மலேசியாவிலும் இது ஒரு தனி உத்தியாகவே வளர்ந்திருக்கிறது; இங்கேயும் பழகி வருகிறது. இது கூடாது என்று நான் வெளிப்படையாகச் சொல்கிறேன். காவல் போன அரை நாளில் மற்ற மீன்கள் அந்தக் கூட்டத்தைத் தின்று முடித்துவிடும். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட்டேனே என்று சமாதானம் சொல்வதும் சரியில்லை. அதைக் கரைக்கு இழுத்து, முள்ளைக் கழற்றி, படம் எடுக்கும் அந்தச் சில நிமிடங்கள் போதும் குஞ்சுகள் குறைய.

1991-ஆம் ஆண்டு நன்னீர் மீன்வளச் சட்டத்தை ஒட்டி மே, ஜூன், ஜூலை இங்கே தடைக்காலம். தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் நிற்கிற மாதிரி. ஆனால் குஞ்சுக் கூட்டங்கள் ஆகஸ்ட், செப்டம்பர் வரைக்கும் கண்ணில் படும். ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டு அன்று, வற்றும் குட்டைகளில் தவிக்கும் மீன்களைக் குடத்தில் அள்ளிவந்து ஆற்றில் விடுவது இந்த நாட்டின் பழைய புண்ணியம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் வாழ்கிற தூண்டில்காரர், துளும்பும் நீரைக் கண்டால் லூரைக் கையில் பிடித்துக்கொண்டு நகர்ந்து போவது பெரிய தியாகம் ஆகாது.

விட விரும்புகிறவர்கள் கையை நனைத்துக்கொண்டு மீனைத் தூக்குங்கள். செவுளுக்குள் விரல் விட வேண்டாம். முள்ளின் கொக்கியை வீட்டிலேயே குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. சூடேறிய சிமெண்டுக் கரையில் போட்டுப் படம் எடுக்காதீர்கள். காற்றில் மூச்சு விடும் மீன்தான், ஆனால் தோல் காய்ந்தால் அதுவும் தாங்காது.

பாஸ் என்ற பெயருக்கு உண்மையில் கிட்டத்தில் இருப்பது கொடுவா. ஆங்கிலத்தில் அதை ஆசியக் கடல் பாஸ் என்பார்கள், பர்மியர்களுக்கு அது ‘கக்கடிட்’. ஆணாகவே வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997-இல் அதன் குஞ்சைத் தொட்டியிலேயே பொரிக்கவைத்தது. யாங்கூன் ஆற்றின் வண்டல் கலந்த நீரில் லூர் மீனின் கண்ணுக்குத் தெரியாது. கீழே டெல்டாப் பக்கம், வற்றம் இறங்கும் நேரத்தில் மதகுக் கதவின் வெளிப்புறம் நின்று, வாய்க்காலிலிருந்து சற்றுத் தெளிந்த நீர் வந்து கலக்கும் கோட்டை ஒட்டி வீசுங்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும், லீடர் இல்லாமல் போகவே கூடாது.

மழைக்காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ரீலின் பக்க மூடியைக் கழற்றித் துடைத்து, பேரிங்கில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இரண்டாவது சொட்டு விட்டால் வீச்சு குறையும். பிளாஸ்டிக் புழுக்களை அவை வந்த பையிலேயே வையுங்கள். ஒரே டப்பாவில் கலந்து போட்டால் ஒன்றையொன்று உருக்கிப் பசையாகிவிடும். ஈரத்தோடு பெட்டியை மூடினால் இந்த ஊர் வெக்கையில் ஒரு வாரத்தில் முள்ளெல்லாம் துரு. மொட்டை மாடியில் ஒரு வாளியை வைத்து, முள் வெட்டிய பழைய தவளையை அதற்குள் விழும்படி வீசிப் பழகுங்கள். அக்டோபரில் வயல் நீர் வாய்க்காலுக்கு வடியத் தொடங்கும். மழைக்காலம் முழுக்க வயலில் கொழுத்த விரால் அத்தனையும் அந்த வடிகால் வாய் வழியாகத்தான் இறங்கி வரும். ஒரு முழ அகலமுள்ள அந்த வாய்க்கு எதிர்க்கரையிலிருந்து தவளையைச் சரியாகப் போட முடிகிறவருக்குத்தான் அந்த மாதத்து மீன்.